கொம்பையா கேட்டு வாங்கிய சட்டம்

கோடையில் ஏரி வற்றியதும் காட்டு விலங்குகளுக்கு ஒரு பெரிய மைதானம் கிடைத்தது. தூக்கணாங்குருவிகள் கொடியும் நாருமாகப் பின்னிக் கொடுத்த பந்தை வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கால்பந்து ஆடுவார்கள். பெரியவர்கள் ஒரு கட்சி, சின்னவர்கள் ஒரு கட்சி. ஜெயித்தவர்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? ஏரி நடுவில் மிச்சமிருந்த ஒரே ஊற்றில் அவர்கள்தான் முதலில் தண்ணீர் குடிக்கலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் ஜெயித்தது பெரியவர்கள். அதிலும் கொம்பையா என்ற காட்டுப்பன்றி, குடித்தோமா போனோமா என்று இருக்கமாட்டான். ஊற்றுக்குள் இறங்கிப் புரண்டு, உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டுதான் கரையேறுவான். சின்னவர்களுக்கு மிஞ்சுவது கலங்கிய தண்ணீர்தான்.

சருகுமான் தும்பைக்கு இதுதான் கவலை. அவளுடைய குட்டி சேற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, நாலு நாளாக வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தது. ஒருநாள் ஜெயித்தால் குட்டிக்கு நல்ல தண்ணீர் கிடைக்குமே என்று அவள் உயிரைக் கொடுத்து ஆடினாள். அவளைப் போல ஓட அங்கே ஆள் கிடையாது. ஆனால் பந்து அவள் காலுக்கு வந்த மறுகணம் கொம்பையா வந்து ஓர் இடி இடிப்பான். பந்து ஒரு பக்கம், தும்பை ஒரு பக்கம். பந்தை அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் இடித்த இடியில் அவள் கருவேல முள்ளில் போய் விழுந்தாள். நொண்டிக்கொண்டே நடுவர் ஆமை அம்பலக்காரரிடம் போய் முறையிட்டாள். ஆட்டம் நின்றது. ஒருவர் மேல் ஒருவர் படலாமா கூடாதா என்று பேச்சு எழுந்தது.

துளிகூடப் படக்கூடாது என்றது முயல். அம்பலக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன கோடையில் ஒருநாள் அப்படியும் ஆடிப் பார்த்தாயிற்று. வால் உரசியது, மூச்சுக்காற்று பட்டது என்று இதே முயல் பதினேழு தடவை விழுந்து புரண்டது. இருட்டுகிறவரை பந்து நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

கொம்பையா முன்னால் வந்தான். "இது கால்பந்து. மேல படத்தான் செய்யும், மோதத்தான் செய்வோம். வலிக்கும்னு பயப்படுறவங்க கரையில உட்கார்ந்து வேடிக்கை பாருங்க. இதையே சட்டமா போட்டுடுங்க அம்பலக்காரரே."

பெரியவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அம்பலக்காரர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு சரி என்றார். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டத்தை யார் கேட்டு வாங்கினாரோ, அவரே சபையில் வந்து வேண்டாம் என்று சொன்னால்தான் அதை மாற்ற முடியும். கொம்பையாவாவது, மாற்றச் சொல்வதாவது! தும்பைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் முள்ளம்பன்றி சிலுப்பன் தன் வளை வாசலில் கிழங்கு கொறித்துக்கொண்டிருந்தான். தங்கமான பிள்ளை. ஆனால் முள்ளுக்குப் பயந்து அவனை யாரும் ஒருநாளும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. தினமும் மேட்டில் தனியாக நின்று பார்த்துவிட்டுப் போவான். அவனைக் கண்டதும் தும்பை சட்டென்று நின்றாள்.

"சிலுப்பா, நாளைக்கு எங்க கட்சியில ஆட வர்றியா?"

அவன் வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது. "நானா? என் மேல பட்டா எல்லாருக்கும் குத்துமே, அக்கா."

"படலாம்னு சட்டமே போட்டாச்சு. நீ யாரையும் இடிக்க வேண்டாம். என் பக்கத்துலயே ஓடி வா, போதும்."

மறுநாள் சிலுப்பன் மைதானத்தில் இறங்கியதும் பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. கொம்பையா மட்டும் வீறாப்பாக நின்றான். பந்து தும்பையிடம் வந்தது. வழக்கம்போல அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தான். சிலுப்பன் குறுக்கே வந்து நின்றான். பயத்தில் அவன் முள்ளெல்லாம் தானாக நிமிர்ந்துவிட்டன. கொம்பையா காலை ஊன்றி நிற்கப் பார்த்தான், முடியவில்லை. மூக்கில் மூன்று முள் ஏறியது. அதற்குள் தும்பை பந்தை இரண்டு கற்களுக்கு நடுவே தள்ளி கோல் போட்டுவிட்டாள்.

அநியாயம் என்று கத்தினான் கொம்பையா. மேலே படத்தான் செய்யும் என்று நேற்றுச் சொன்னது யார் என்று அம்பலக்காரர் நிதானமாகக் கேட்டார். ஒரு குரங்கு அவன் மூக்கிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. அதன்பிறகு பெரியவர்கள் ஒருவரும் தும்பைப் பக்கம் நெருங்கவில்லை. சின்னவர்கள் ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்த கையோடு கொம்பையா சபையில் வந்து நின்றான். "நான் கேட்ட சட்டம் வேண்டாம். இனிமே யாரும் யார் மேலயும் படவே கூடாது."

முயல் துள்ளிக் குதித்தது. தும்பையும் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது சிலுப்பன் மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது அவள் கண்ணில் பட்டது. அவன் முள் யார் மேலாவது உரசத்தான் செய்யும். படவே கூடாது என்றால் அவனுக்கு ஆட்டம் ஏது? வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் ஆடியிருக்கிறான். தன் காரியத்துக்காக மட்டும்தானே அவனைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"நில்லு சிலுப்பா," என்றவள் சபைப் பக்கம் திரும்பினாள். "அம்பலக்காரரே, பந்தைத் தேடி ஓடும்போது தோளோட தோள் படட்டும். அது ஆட்டம். பந்தை விட்டுட்டு ஆளைத் தேடி வந்து இடிக்கிறது மட்டும் கூடாது."

பயமும் கோபமும் இல்லாவிட்டால் தன் முள் படுத்தேதான் கிடக்கும், யாரையும் குத்தாது என்று சிலுப்பன் மெதுவாகச் சொன்னான். கொம்பையா மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு தலையாட்டினான். சட்டம் மாறியது.

அன்று தும்பையின் குட்டிதான் முதலில் குடித்தது. வயிறு முட்டக் குடித்தது. சின்னவர்கள் யாரும் ஊற்றுக்குள் இறங்கவில்லை, ஓரமாக நின்று குடித்துவிட்டு விலகினார்கள். கடைசியில் கொம்பையா வந்தான். தண்ணீர் தெளிந்து கிடந்தது. அடியில் இருந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. உள்ளே இறங்கக் காலைத் தூக்கியவன், என்ன நினைத்தானோ, ஓரத்திலேயே மண்டியிட்டுக் குடித்தான். சிலுப்பனும் பக்கத்தில் வந்து குனிந்தான். இரண்டு பேருடைய தோளும் உரசின. முள் படுத்தே கிடந்தது. கொம்பையா கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான்.

அடுத்தவருக்கு வலிக்கும்போது விளையாட்டு என்று சொல்பவர், தனக்கு வலிக்கும்போதும் அதையே சொல்ல முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும்.