ஒடுங்கன் நட்ட முள்

கரட்டுமலைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றிக் கூட்டம் வாழ்ந்தது. அதற்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. பெரிய முடிவு எடுக்க வேண்டுமென்றால் எல்லாம் ஒரு திடலில் கூடும். ஒவ்வொன்றும் தன் உடம்பிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கும். சம்மதம் என்றால் அதை மண்ணில் நட்டு நிறுத்தும். சம்மதமில்லை என்றால் படுக்க வைக்கும். நொண்டியும் வைக்க வேண்டும், பயந்தாங்கொள்ளியும் வைக்க வேண்டும். கடைசி முள் விழும்வரை முடிவு கிடையாது.

"இதென்ன ஆமை வேலை!" என்று மற்ற விலங்குகள் கேலி செய்யும். முள்ளம்பன்றிகள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஒரு காலை, புலியின் தூதனாக நரி வந்தது.

"புலி ராஜாவுக்கு இந்த மலை வேணுமாம். ஆத்துக்கு அக்கரையில உங்களுக்கு இடம் தர்றாராம். புல்லு முளைக்கிற வரைக்கும், ஆத்துல தண்ணி ஓடுற வரைக்கும் அது உங்களுக்கே சொந்தம்!"

"மாட்டோம்னு சொன்னா?" என்று கேட்டது சிலிர்ப்பி. அது இரண்டு குட்டிகளுக்குத் தாய். மனதில் பட்டதைக் கேட்டுவிடும்.

நரி மெல்லத் திரும்பிப் பின்னால் இருந்த புதரைப் பார்த்தது. அங்கே மஞ்சள் கண்கள் எரிந்தன. ஒரு ஜோடி அல்ல, புதர் முழுக்க.

முட்கள் நடப்பட்டன. போவது என்று முடிவாயிற்று. அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுத்தில் பல்லை வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

மழைக்காலத்தில் கிளம்பினார்கள். ஆறு கரை புரண்டு ஓடியது. சிலிர்ப்பியின் துணையை வெள்ளம் கொண்டுபோயிற்று. கிழடுகள் சேற்றில் படுத்தன, எழுந்திருக்கவில்லை. எந்தப் புதர் அசைந்தாலும் கூட்டமே நடுங்கியது. குட்டிகள் வாய்விட்டு அழவும் பயந்தன.

அக்கரைக்குப் போனால், நரி சொன்ன காலி இடமே இல்லை. அங்கே பங்காளி முள்ளம்பன்றிகள் குடியிருந்தன. அவையும் இதே புலியால் முன்பு துரத்தப்பட்டு வந்தவைதான். அவற்றின் தலைவன் பருத்தான். நல்ல மனசுக்காரன், அதே சமயம் நான் சொன்னதுதான் சட்டம் என்கிற ரகம்.

"வாங்க, வாங்க! கிழங்கு இருக்கு, சாப்பிடுங்க!" என்றது பருத்தான். "ஆனா ஒண்ணு. இங்க ஆளாளுக்கு முள் நடுற பழக்கமெல்லாம் கிடையாது. காட்டுக்கு நாலு மூலை, மூலைக்கு ஒரு முள்ளு. மேற்கு மூலை உங்களுக்கு. உங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே முள்ளு."

களைத்துப் போயிருந்தவர்கள் சரி என்றார்கள். பசியும் பயமும் சேர்ந்தால் வாய் எதற்கும் சரி என்றுதான் சொல்லும்.

மேற்கு மூலையை ஒட்டி ஒரு வறண்ட பொட்டல். அதில் கழுதைப்புலிகள் திரிந்தன. பொழுது சாய்ந்ததும் அவை சிரிக்கும்.

"மேற்குல காவல் போடுங்க" என்று கேட்டார்கள். மற்ற மூன்று மூலைகளும் முள்ளைப் படுக்க வைத்தன.

"எங்க பக்கம் கழுதைப்புலி வர்றதில்லையே! நாங்க ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கணும்?" என்றன.

மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதே பதில்தான்.

ஒரு மாலை, சிலிர்ப்பியின் மூத்த குட்டி வளைக்கு வெளியே வேரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பொட்டல் பக்கம் ஒரு சிரிப்பு. அப்புறம் ஒரு சின்னக் கீச்சொலி. சிலிர்ப்பி ஓடி வந்து பார்த்தபோது வேர் மட்டும் கிடந்தது. பக்கத்தில் இன்னும் முற்றாத இளமுட்கள் இரண்டு மூன்று.

சிலிர்ப்பி அழுத அழுகையை இங்கே எழுத என்னால் முடியாது.

அன்றே கூட்டம் மேற்கு மூலையை விட்டு ஓடியது. கிழக்கே இருந்த பங்காளிகளின் வளைகளில் ஆளுக்கொரு மூலையாக ஒண்டிக்கொண்டது. இடிபட்டாலும் மிதிபட்டாலும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரையும்விட அதிகமாக ஒண்டியது ஒடுங்கன். தன் நிழலைப் பார்த்தே திடுக்கிடும் ஜென்மம் அது. நடுங்கும்போது அதன் வால்முட்கள் கடகடவென்று ஆடும். எல்லோரும் அதை வைத்துச் சிரிப்பார்கள்.

மோப்பம் பிடித்து நரி மறுபடி வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டிருந்தது.

"ஐயோ, குட்டியைப் பறிகொடுத்தீங்களாமே! கேட்டதுல இருந்து எனக்குச் சோறே இறங்கல!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"எதுக்கு இந்த வேதனை?" என்றது நரி. "உங்க முள்ளையெல்லாம் எங்கிட்டக் கொடுத்துடுங்க. உங்களுக்காக நானே நடுறேன். புலி ராஜாகிட்டச் சொல்லிக் கழுதைப்புலியை விரட்டச் சொல்றேன். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"கொடுத்துடலாமே! உயிராவது மிஞ்சும்!" என்றது ஒடுங்கன். பல தலைகள் ஆடின.

சிலிர்ப்பி முன்னால் வந்தது. "நரியாரே, ஒரு சந்தேகம். முள்ளெல்லாம் உங்க வாய்ல இருக்கும். அப்போ கழுதைப்புலி வந்தா நாங்க எதை வச்சு நிக்கிறது?"

நரி திணறியது. "அது... அதான் நான் இருக்கேனே!"

"முள்ளில்லாத முள்ளம்பன்றிக்கு என்ன பேரு, தெரியுமா? கறி!"

ஆடிய தலைகள் நின்றன. நரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நழுவியது.

சிலிர்ப்பி தன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. "மலையைப் புலி பிடுங்கிச்சு. ஆனா முள் நடுற வழக்கத்தை யாரும் பிடுங்கல. நாமளே பயந்து கொடுத்துட்டோம். அதுக்குக் கூலியா என் பிள்ளை போச்சு. நான் மேற்குக்குத் திரும்பிப் போறேன். அங்க நமக்குன்னு ஒரு திடல் வேணும்."

"அங்க போனா செத்துடுவோம்!" என்று ஒடுங்கன் கத்தியது.

"இங்க இருந்தா?"

ஒடுங்கனும் மற்றவர்களோடு சிலிர்ப்பியின் பக்கம் வந்து நின்றது.

சேதி கேட்ட பருத்தானுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "இடம் கொடுத்தவன்கிட்டயே தனிக்காடு கேக்குறீங்களா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுன கதையால்ல இருக்கு!"

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்க மாட்டோம், அண்ணே" என்றது சிலிர்ப்பி. "உங்க கிழங்கைத் தின்னுதான் உயிர் பிழைச்சோம். கிழக்குல நாங்க தோண்டி வச்ச கிழங்கெல்லாம் நீங்களே எடுத்துக்கங்க. மேற்கு மூலையை மட்டும் விடுங்க. அங்க எங்க முடிவை நாங்க எடுத்துக்குறோம். அண்ணன் தம்பியா வந்தோம், பக்கத்து வீட்டுக்காரங்களா இருப்போம்."

பருத்தான் தரையைக் காலால் கீறியது. கடைசியில், "போங்க. அடிபட்டா எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்றது.

பொழுது சாயும் நேரத்தில் மேற்கே ஒரு திடலைச் சுத்தம் செய்தார்கள். நிற்பதா, ஓடுவதா என்பதுதான் கேள்வி. சிலிர்ப்பி முதல் முள்ளை நட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நட்டார்கள். ஒடுங்கன் மட்டும் முள்ளை வாயில் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

பொட்டலில் நிழல்கள் அசைந்தன. நாற்றம் வந்தது. நிழல்கள் சுற்றி வளைத்தன.

"அவனை விட்டுட்டு முடிவு பண்ணுங்க! நேரமில்ல!" என்று கூட்டத்தில் ஒன்று அலறியது.

சிலிர்ப்பியின் மிஞ்சிய குட்டி அதன் வயிற்றடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் சிலிர்ப்பி சொன்னது: "முடியாது! இவனை விட்டா இவன் நிக்கிற இடம்தான் ஓட்டை. அந்த வழியாத்தான் அது உள்ள வரும். ஒடுங்கா, நடு, இல்ல படுக்க வை. எதுவானாலும் உன் முள்ளு வேணும்!"

"எனக்குப் பயமா இருக்கு!"

"எனக்குந்தான்டா!"

ஒடுங்கன் அதை நிமிர்ந்து பார்த்தது. சிலிர்ப்பிக்குப் பயம் இருக்கும் என்று அது நினைத்ததே இல்லை. குனிந்து முள்ளை நட்டது. முள் கோணலாக நின்றது. ஆனாலும் நின்றது.

மறு நொடி வட்டம் கூடியது. தலைகள் உள்ளே, முட்கள் வெளியே, நடுவில் குட்டிகள். கழுதைப்புலிகள் சுற்றிச் சுற்றி வந்தன. பயந்த ஆளைத் தேடின. ஒடுங்கன் நின்ற இடத்துக்கு எதிரே ஒன்று நின்றது. சிரித்துக்கொண்டே பாய்ந்தது.

ஒடுங்கனின் உடம்பே உதறியது. வால்முட்கள் கடகடவென்று அதிர்ந்தன. ஒடுங்கன் பயத்தில் முள் நிறைந்த பின்பக்கத்தை வேகமாக வெளியே தள்ளியது. இரு பக்கமும் நின்றவர்கள் தோளோடு தோள் சேர்த்து அதைத் தாங்கினார்கள். மூக்கிலும் நாக்கிலும் முள் ஏற, கழுதைப்புலி ஊளையிட்டபடி ஓடியது. மற்றவையும் பின்னாலேயே ஓடின. அவை போகும்போது ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

விடிந்ததும் பருத்தான் வந்தது. திடலின் விளிம்பில் நட்ட முட்களுக்கு வெளியே நின்றுகொண்டது. அந்தக் காட்டில் அது யாரிடமும் அனுமதி கேட்டதே இல்லை.

"உள்ள வரலாமா?" என்று கேட்டது.

சிலிர்ப்பி ஒடுங்கனைப் பார்த்தது. ஒடுங்கன் மற்றவர்களைப் பார்த்தது. பிறகு எல்லோரும் ஒவ்வொரு முள்ளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். பருத்தான் வெளியே காத்திருந்தது.

கழுதைப்புலி அதற்குப் பிறகு வரவேயில்லை என்று சொன்னால் நான் பொய்யன். வந்தது. புலியும் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. போன குட்டியும் திரும்பவில்லை. ஆனால் அந்தத் திடலில் ஒரு முள்ளைக்கூட அதற்கப்புறம் யாரும் பிறர் கையில் கொடுக்கவில்லை.

நீதி: பயந்து தன் குரலை அடுத்தவரிடம் கொடுப்பவருக்கு எந்த ஊரும் சொந்த ஊராகாது, பயந்தவரின் குரலையும் சேர்த்துக்கொண்டு தாமே முடிவெடுப்பவர்களுக்கு வந்த ஊரும் சொந்த ஊராகும்.