உறக்கத்தில் கேட்ட கேள்வி

கீழ்ப்பாலையூர் ஜமீன்தார் சேதுவராயர் நண்பகலில் உறங்கும்போது, கூரையில் தொங்கும் பெரிய விசிறியைக் கயிற்றால் இழுப்பவன் வயிரவன். பதினோர் ஆண்டுகளாக அதுவே அவன் வேலை. உற்றார் எவருமில்லை. அரண்மனையிலும் அவனோடு யாரும் பேசுவதில்லை. கயிறு ஓடும் கப்பி மட்டும் கிறீச்சிடும்.

ஒரு நாள் காரியக்காரர் அவனைச் சபைக்கு இழுத்து வந்தார். "இவன் உறக்கத்தில், 'இந்த அரண்மனையில் மனிதரே இல்லை' என்று உளறினான், எசமான். என் காதாலேயே கேட்டேன்!"

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "அப்படியானால் நான் யாரடா, மாடா? உள்ளத்தில் இருப்பதுதான் உறக்கத்தில் வரும். இல்லையென்று மெய்ப்பி, முடியாவிட்டால் இன்றே ஊரைவிட்டுப் போ!"

உறங்கியவன் தன் பேச்சுக்குச் சாட்சியை எங்கே தேடுவான்? வயிரவன் கைகட்டிக் கேட்டான்: "உறக்கத்தில் எவர் பேசினாலும் அப்படித்தானா, எசமான்?"

"எவராயினும் அப்படித்தான்!" சபையும் தலையாட்டியது.

"அப்படியானால் போகிறேன், எசமான். ஆனால் தாங்கள் நாள்தோறும் உறக்கத்தில், 'யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கிறீர்கள். 'நான் இருக்கிறேன், எசமான்' என்கிறேன். 'நீ ஒருவன்தானா?' என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கிறீர்கள். நாளை முதல் அந்தப் பதிலைச் சொல்ல யாரை அமர்த்துவீர்கள்?"

ஜமீன்தார் சபையைப் பார்த்தார். காரியக்காரர் தம் கால்விரலைப் பார்த்தார், மற்றவர்களும் அவ்வாறே.

"போய்க் கயிற்றைப் பிடி" என்றார் ஜமீன்தார். அவன் வாசலைத் தாண்டுவதற்குள் மெல்லக் கேட்டார்:

"உன் பெயர் என்னப்பா?"