பொடியன் பேரில் ஓர் அர்ச்சனை

“பன்னிரண்டு வருசமாச்சு, சுவாமி. நான் இன்னும் வெள்ளை வேட்டியோடை நிக்கிறன். என்னிலை என்ன குறை?”

கேட்டவர் அருளம்பலம். வயது ஐம்பத்தொன்று. தபால் கந்தோர் வேலையை விட்டுவிட்டு அந்தக் கடற்கரை மடத்துக்கு வந்தவர்.

சுவாமி இதுவரை ஒருவருக்கும் காவி கொடுத்ததில்லை. கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வேறு மடம் தேடிப் போய்விட்டார்கள். அருளம்பலம் மட்டும் போகவில்லை.

“காலைப் பூசையிலை ஒரு நாள் தவறினேனோ?”

“இல்லை.”

“பூசைக்குக் காசு கட்டுற உபயகாரர் நூற்றி நாப்பத்திரண்டு பேர். அத்தனை பேரின்ரை பேரும் நட்சத்திரமும் ஏடு பாராமல் சொல்லுவன்.”

இது உண்மைதான். லண்டனில் இருக்கிற உபயகாரரின் பேரப்பிள்ளை நட்சத்திரம்கூட அவருக்குத் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சமா, நிறையவே உண்டு.

சுவாமி கடலைப் பார்த்தபடி இருந்தார்.

“பொடியனுக்குச் சுகமில்லை எண்டு கேள்வி.”

“ஓம் சுவாமி. ஒன்பது நாளாய்க் காய்ச்சல். சமைக்கிறதும் தண்ணி அள்ளுறதும் நான்தான்.”

“நாளைக்குக் காலமை அவன்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்யும். செய்து முடிச்சிட்டு வாரும். காவியைப் பற்றிக் கதைப்பம்.”

அருளம்பலம் துள்ளாத குறையாக எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

“அவன்ரை பேர் என்ன, சுவாமி?”

சுவாமி கண்ணை மூடிக்கொண்டார்.

*

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையையும் பொடியன் என்போம். வீட்டில் வேலைக்கு நிற்பவனையும் பொடியன் என்போம். சின்னப் பிள்ளை வளர்ந்து மீசை முளைத்தால் அந்தச் சொல் விட்டுப் போகும். வேலைக்கு நிற்பவனுக்கு நரை விழுந்தாலும் விடாது.

மடத்துப் பொடியனுக்கு எழுபது வயதிருக்கும்.

மடைப்பள்ளிக்குப் பின்னால், விறகு அடுக்கிய கொட்டிலில் சாக்கு விரித்துக் கிடந்தான். அருளம்பலம் குனிந்து உள்ளே போனார். பன்னிரண்டு வருடத்தில் அதற்குள் அவர் போனது அதுதான் முதல் தடவை.

“பொடியன், உன்ரை பேர் என்ன?”

அவன் பதறிப்போய் எழும்பப் பார்த்தான். முடியவில்லை.

“நான் ஒண்டும் எடுக்கேல்லை, ஐயா.”

“ஆர் சொன்னது நீ எடுத்தனி எண்டு?”

“பேர் கேக்கிறியள்.”

“உனக்கு அர்ச்சனை செய்யத்தான் கேக்கிறன்.”

“எனக்கோ?”

“ஓம்.”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகிப் போனது.

“இந்த மடத்திலை ஆரும் கேட்டதில்லையே, ஐயா.”

“இப்ப நான் கேக்கிறன். கெதியாய்ச் சொல்லு.”

அவன் கூரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. வெகுநேரம் அசைந்தது.

“அம்மா வாசல் படலையடியிலை நிண்டு கூப்பிடுவா. பொழுதுபட்டால் கூப்பிடுவா.”

“என்னெண்டு கூப்பிடுவா?”

“குரல் நல்லாய்க் கேக்குது, ஐயா.”

“பேர்?”

“பேர்தான் கேக்குதில்லை.”

அருளம்பலத்துக்கு எரிச்சல் வந்தது. சொந்தப் பேரை மறந்தவனை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்த காவி இந்தக் கிழவனால் தட்டிப் போகிறதே என்றுதான் அவருக்கு இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

“நாளைக்குக் காலமை வாங்கோ. யோசிச்சு வைக்கிறன்,” என்றான் பொடியன். கை இரண்டையும் கூப்பினான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

*

காலையில் அருளம்பலம் கஞ்சியோடு போனார்.

பொடியன் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். உடம்பு குளிர்ந்திருந்தது.

அருளம்பலம் கஞ்சியைக் கீழே வைத்தார். அவருக்கு முதலில் வந்த எண்ணம் இதுதான்: பேர் கைக்கு வராமல் போய்விட்டதே. இரண்டாவது எண்ணம் வந்தபோது வெட்கப்பட்டார். நேற்றுப் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான்.

*

பொடியனுக்கு உறவென்று ஒருவரும் இல்லை. கொள்ளி வைக்க அருளம்பலம்தான் நின்றார். கொள்ளி வைப்பவர்தான் இறந்தவரின் பேரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதுதான் முறை.

சுவாமி தடியை ஊன்றிக்கொண்டு சுடலைவரை வந்திருந்தார்.

குருக்கள் தர்ப்பையை அருளம்பலத்தின் விரலில் மாட்டினார்.

“கோத்திரம் தெரியாட்டிச் சிவகோத்திரம் எண்டு சொல்லலாம். நட்சத்திரம் தெரியாட்டியும் பாதகமில்லை. பேரைச் சொல்லுங்கோ.”

அருளம்பலத்திடம் ஒரு பேர் தயாராக இருந்தது. வருகிற வழியில் யோசித்து வைத்த பேர். சின்னத்தம்பி. ஊருக்கு நாலு சின்னத்தம்பி இருப்பான், இவனும் ஒரு சின்னத்தம்பியாக இருந்துவிட்டுப் போகட்டும். யார் வந்து இல்லையென்று சொல்லப்போகிறார்கள்? சொன்னால் சடங்கு முடியும். சடங்கு முடிந்தால் காவி.

வாயைத் திறந்தார்.

விறகின் மேல் பொடியனின் கை தெரிந்தது. தண்ணீர் அள்ளி அள்ளிக் காய்த்துப்போன கை. நேற்று அவரைக் கும்பிட்ட கை.

“தெரியாது,” என்றார் அருளம்பலம்.

“என்ன?”

“இவன்ரை பேர் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருசம் இவன் கையாலை சாப்பிட்டனான். தெரியாது.”

அவர் அழுதார். ஐம்பத்தொரு வயதில், நாலு பேர் பார்க்க, குலுங்கி அழுதார்.

குருக்கள் வானத்தைப் பார்த்தார். “வெயில் ஏறுது. ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்கோவன்.”

“வேண்டாம்.” சுவாமியின் குரல். “அப்பிடி ஒரு பேரை நான் ஒருக்கால் சொன்னது போதும்.”

அருளம்பலம் திரும்பிப் பார்த்தார்.

“என்ரை குருவும் என்னை இவன்ரை பேரைக் கேட்டு வரச்சொன்னவர்,” என்றார் சுவாமி. “நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி. பொடியன் கிணத்தடியிலை பானை தேய்ச்சுக்கொண்டு நிண்டவன். அஞ்சு வருசம் அவன் கையாலை சோறு வாங்கித் திண்டிட்டு, உன்ரை பேர் என்ன எண்டு கேக்க எனக்கு வெக்கமாய் இருந்தது. கேக்கேல்லை. கந்தையா எண்டு போய்ச் சொன்னன்.”

“அவர் நம்பினவரோ?”

“அண்டைக்கே காவி தந்தவர்.”

கடல் இரைந்தது.

சுவாமி தோளிலிருந்த காவிச் சால்வையை எடுத்தார். பொடியனின் கழுத்துவரை போர்த்தினார். அது இரண்டு தரம் சரிந்தது. மூன்றாம் தரம்தான் நின்றது.

“பிறகு கேட்டிருக்கலாமே, சுவாமி,” என்றார் அருளம்பலம். “நாப்பத்தஞ்சு வருசம் பக்கத்திலைதானே இருந்தவன்.”

சுவாமி பொடியனின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

“கேட்டு, அவன் வேறை பேர் சொல்லிப்போட்டால்?”