கொம்பையா தூர்த்த ஓடை

நாவல் காட்டின் நடுவே ஓர் ஓடை இருந்தது. மூன்று வருடமாக அதில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. புல் மண்டி வெறும் பள்ளமாகக் கிடந்தது.

அந்தக் காட்டுப் பஞ்சாயத்தில் வீடு கட்ட அனுமதி கொடுக்கும் பொறுப்பு வேலம்மா என்ற நீர்நாயிடம் இருந்தது. ஈரக் களிமண்ணில் அவள் பாதத்தைப் பதித்துக் கொடுத்தால்தான் யாரும் வீடு கட்டலாம். விதி இதுதான்: ஓடைக்குள்ளும், அதன் இரு கரையிலும் இருபது முழத்துக்குள்ளும் வீடு கூடாது.

ஒருநாள் காலையில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி அவளிடம் வந்தான். அவன் பின்னால் முப்பது முயல் குடும்பங்கள். கோடைத் தீயில் இருந்த இடத்தைப் பறிகொடுத்தவை.

"வேலம்மா, ஓடையைத் தூர்த்து இவங்களுக்கு வரிசையா வீடு கட்டித் தரப் போறேன். பாதி மண்ணு கொட்டியாச்சு. உன் பாதத்தை ஒரு தடவை பதிச்சிடு!"

"முடியாது அண்ணே. அது தண்ணி போற வழி."

"தண்ணியா? எங்கே, காட்டு பார்க்கலாம்!"

முயல்கள் சிரித்தன. மருதாயி என்ற முயல் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க குட்டிங்க வெயில்ல கிடந்து வாடுதுங்க. உங்களுக்கு ஏரிக்கரையில சொந்தமா வளை இருக்கு, விதி பேசுறீங்க. எங்களுக்கு என்ன இருக்கு?"

அந்தக் கேள்வி வேலம்மாவைச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பாதத்தைப் பதிக்க மனம் வரவில்லை.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. காடே திரண்டு வந்தது.

"மூணு வருஷமா மழையே இல்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தா என்ன?" என்றார் தலைவர் கடமான்.

விதியை எடுத்துச் சொன்னால் இனி யாரும் கேட்கப் போவதில்லை என்று வேலம்மாவுக்குப் புரிந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"சரி தலைவரே, பதிக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. ஓடைக்கு நட்டநடுவுல வர்ற வீட்டுல, இந்த மழைக்காலம் முழுக்கக் கொம்பையா அண்ணன் குடும்பத்தோட குடியிருக்கணும்."

"அதுக்கென்ன, தாராளமா!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் கொம்பையா.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் மனைவி பேச்சி வந்தாள். பின்னால் எட்டுக் குட்டிகள்.

"தாராளமாவா? தெற்கு மேட்டுலதான் கிழங்கு இருக்கு, அங்கேதான் வெள்ளமும் ஏறாது, அதை நாம வச்சுக்கிட்டு முயலுங்களைப் பள்ளத்துல தள்ளிடலாம்னு வீட்டுல சொன்னது யாருங்க? என் குட்டிங்களை அந்தப் பள்ளத்துல படுக்க வைக்க நான் விடவே மாட்டேன்!"

எல்லாத் தலைகளும் கொம்பையா பக்கம் திரும்பின.

மருதாயி மெல்ல முன்னே வந்தாள். "உங்க குட்டிங்களுக்கு ஆகாத பள்ளம் எங்க குட்டிங்களுக்கு மட்டும் ஆகுமா அண்ணே?"

கொம்பையா தலையைத் தொங்கப் போட்டான்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். "தெற்கு மேடு முயல்களுக்கு! ஓடையில கொட்டின மண்ணைக் கொம்பையாவே அள்ளணும்!"

மேட்டு வீடுகளுக்கு வேலம்மா அன்றே களிமண்ணில் பாதத்தைப் பதித்தாள். அதோடு நிற்கவில்லை. "மேடுதானேன்னு இருந்துடாதீங்க! வீட்டுத் தரையை இரண்டு முழம் உயர்த்துங்க!" என்று வீடு வீடாக அளந்து பார்த்தாள். தானும் மண் சுமந்தாள். அந்த மண்ணெல்லாம் ஓடையிலிருந்து கொம்பையா மூக்கால் முட்டி வெளியே தள்ளியது. இருபதே நாளில் முப்பது வீடுகளும் எழுந்தன.

ஐப்பசியில் வானம் கறுத்தது. மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. நான்காம் நாள் நண்பகலில் ஓடையில் ஓர் இரைச்சல் கேட்டது. மரங்களை உருட்டிக்கொண்டு வெள்ளம் பாய்ந்து வந்தது! கரை தாண்டியது. மேட்டின் அடியைத் தொட்டது. மெல்ல மெல்ல ஏறிக் கடைசி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அது மருதாயியின் வீடு. குட்டிகளை அணைத்துக்கொண்டு அவள் உள்ளே நடுங்கினாள். வாசலில் நின்ற வேலம்மா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உயர்த்திய தரைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. தூர்வாரிய ஓடை அத்தனை வெள்ளத்தையும் வாங்கி ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ஒரு வீட்டுக்குள்ளகூடத் தண்ணி வரலை!" என்று கத்தினாள் மருதாயி. ஓடிவந்து வேலம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, முதல் நாளே நீங்க பாதத்தைப் பதிச்சிருந்தா, இன்னிக்கு நாங்க யாருமே இல்லை!"

"ஏரி நிரம்பிடுச்சு!" என்று மரத்துக்கு மரம் குரங்குகள் கூவின. காடே மேட்டில் கூடி ஆடியது. கொம்பையாவும் நனைந்த உடம்போடு குதித்தான். "நான் தோண்டின ஓடையில தண்ணி எப்படிப் போகுது பாருங்க!"

வேலம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மூன்று வருட ஆசை தீர, புதுத் தண்ணீரில் தொப்பென்று குதித்துக் குட்டிக்கரணம் போட்டாள்.

மழையே இல்லாத காலத்திலும் தண்ணீர் போகும் வழியைத் தண்ணீருக்கே விட்டுவைக்கும் ஊர்தான் வெள்ளத்தில் பிழைக்கும்.