நுரை படாத இடம்

டர்ர்ர்ர்.

நின்றது.

பத்து எண்ணுவதற்குள் மறுபடி, டர்ர்ர்ர்.

மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். வெளியே பழைய கல்குவாரி முழுக்க ஜீப் பந்தயக் கூட்டம், விசில், மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் நடுவே ஒருவர் மட்டும் அந்தச் சின்ன டர்ர்ர்ர் சத்தத்தையே எண்ணிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷம் பிளம்பர். அவர் பேட்டையில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் அவர் போட்ட குழாயில்தான் வருகிறது. ஒன்றரை வருஷமாக மயிலாத்தாளிடம் ஜீப் வேலை கற்றுக்கொள்கிறார். மயிலாத்தாளுக்கு முப்பத்துமூன்று. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததில்லை.

மயிலாத்தாளின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியின் பானட்டில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவாள். டிக் இல்லாத வண்டி வாசல் தாண்டாது.

போன செவ்வாய்க்கிழமை, பந்தயத்தில் ஓட்டும் ரவூஃப் பாயின் ஜீப்புக்குக் காற்று வால்வு மாற்றிவிட்டு எழுந்தபோது பொன்னுரங்கம் கேட்டார்.

"ஏனுங்கக்கா, எப்பத்தானுங்க நானே ஒரு வண்டிக்கு டிக் போடறது?"

அவள் சாக்பீஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த டிக் இப்போதும் பானட்டில் இருந்தது. சாரலில் கொஞ்சம் கரைந்திருந்தது.

டர்ர்ர்ர்.

"என்னங்ணா இது, இருமிக்கிட்டே இருக்குது?" என்றார் ரவூஃப் பாய். தலையில் ஹெல்மெட். குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

வார நாட்களில் பாய் இதே ஜீப்பில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவார். வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள், இந்தப் பந்தயம். இரண்டு வருஷமாகக் கடைசி மேட்டில் அவருக்கு ஒரே கதை. ஒரு பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றும். இன்னொன்று அசையாமல் நிற்கும். வண்டி வந்த வழியே சறுக்கி இறங்கும்.

அதற்காகத்தான் இந்த வருஷம் லாக்கர் போட்டார்கள். ஸ்விட்சைத் தட்டினால் வால்வு திறந்து, பானட்டுக்குள் இருக்கும் குட்டி கம்ப்ரசரிலிருந்து காற்று மெல்லிய ஹோஸ் வழியாகப் பின் அச்சுக்குப் போகும். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பிறகு இரண்டும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும்.

கம்ப்ரசர் ஒருமுறை ஓடி, காற்றை நிரப்பிவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். இப்படித் திரும்பத் திரும்ப ஓடினால் காற்று எங்கோ கசிகிறது. ஓடி ஓடிச் சூடேறி நின்றுபோனால் மேட்டின் நடுவில் பூட்டுவதற்குக் காற்று இருக்காது.

பொன்னுரங்கம் ஸ்பிரே பாட்டிலை எடுத்தார். வண்டி கழுவும் ஷாம்பு கலந்த தண்ணீர். கசிகிற இடத்தில் அடித்தால் குமிழ் வரும்.

கம்ப்ரசர் மேல் அடித்தார். ஹோஸ் நெடுக அடித்தார். கிளிப்பு கிளிப்பாக அடித்தார். சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்ப் பின் அச்சு மேல் அடித்தார். முதுகெல்லாம் செம்மண்ணோடு வெளியே வந்தார்.

"குமிழே இல்லீங்கக்கா."

மயிலாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாளைக்கு ஓட வேண்டிய வெள்ளை ஜீப் ஒன்று நின்றது. அதன் சக்கரத்தில் சாய்ந்திருந்தாள்.

"காத்து எங்கீங்கக்கா போகுது?"

"தேடுங்ணா."

இன்னொரு சுற்று அடித்தார். ஜீப் முழுக்க வெள்ளை நுரை. கல்யாணத்துக்குக் குளிப்பாட்டினது போல நின்றது.

பக்கத்துத் தார்ப்பாயிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான். எதிர் அணி.

"பாய்! சிரமப்படாதீங்க. போன வருஷம் மாதிரி ரிவர்ஸ்லயே போயிருங்க. பழகின ரூட்டுதானே!"

"மேல நின்னு பதில் சொல்றேன் கண்ணு. அண்ணாந்து பாக்கக் கழுத்து வலிக்கும், தைலம் வாங்கி வச்சுக்க."

டர்ர்ர்ர்.

"பதினெட்டு நிமிஷம்" என்றார் பாய், பொன்னுரங்கத்திடம். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"கம்ப்ரசரே போயிருச்சுங்கக்கா. மாத்திரலாம்." பொன்னுரங்கம் அதைத் தொட்டுக் கையை உதறினார். கொதித்தது. "இல்லீன்னா பின்னாடி அச்சுக்குள்ள சீலு போயிருக்கும். அது கம்பெனிக்காரன் போட்டது. அவனுங்க வேலைய நம்ப முடியாது. இல்லீன்னா ஹோஸு. அது போன மாசம் பாய் பையன் இழுத்துக் கட்டுனது. அவனுக்கு என்ன தெரியும்?"

மயிலாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து பானட்டுக்குள் குனிந்தாள். இடது கை ஆள்காட்டி விரலைக் கம்ப்ரசர் மேல், ஹோஸ் மேல், கிளிப்புகள் மேல் நீளமாக இழுத்தாள். வலது கை விரலைப் பேட்டரிக்குப் பின்னால் இருந்த இருட்டு மூலைக்குள் விட்டு எடுத்தாள்.

இரண்டு விரல்களையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஒன்றில் நுரை சொட்டியது. ஒன்றில் சிவப்புப் புழுதி, காய்ந்தபடி.

பொன்னுரங்கம் விரல்களைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அங்கே பளபளவென்று வால்வு. அதன் மூட்டில் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப், தடிமனாக, ஒழுங்காக.

"அது நான் மாட்டுனதுங்களே."

"ஆமாங்ணா."

"பன்னெண்டு சுத்து டேப்புங்க. எம் மூட்டுல ஒரு சொட்டு ஒழுகுனதா இன்னிக்கு வரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க."

"பாட்டில் உங்க கையிலதானே இருக்கு."

அடித்தார்.

மூட்டில் ஒன்றும் வரவில்லை. ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, வால்வு காற்றை வெளியே விடும் சின்ன மூச்சுத் துளையில், நுரை பொங்கியது. பொங்கிக்கொண்டே இருந்தது, பால் பாத்திரம் போல.

பாய் "யா அல்லாஹ்" என்றார்.

"பதினாலு நிமிஷம்" என்றாள் மயிலாத்தாள். டார்ச்சை எடுத்துப் பிடித்தாள். ஸ்பேனரை எடுக்கவில்லை.

பொன்னுரங்கம் கழற்றினார். மூட்டு வரமாட்டேன் என்றது. அவ்வளவு முறுக்கு, அவரே போட்ட முறுக்கு. ஒருவழியாக வந்தது. வால்வின் வாயில், டார்ச் வெளிச்சத்தில், நூல் மாதிரி ஒரு வெள்ளை இழை. டேப்பிலிருந்து பிய்ந்தது. தண்ணீர்க் குழாயாக இருந்தால் வாளியில் வந்து விழுந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே வால்வின் வாயில் குறுக்கே படுத்து அதை மூடவிடாமல் வைத்திருந்தது.

மெல்லிய கம்பியால் இழையை எடுத்தார். மரையில் இருந்த டேப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எல்லாவற்றையும் உரித்தார். மயிலாத்தாள் மரையில் பூசும் பசைக் குப்பியை நீட்டினாள்.

"மொத மரைய வெறுமனே உடுங்ணா. அடுத்த ரெண்டுக்கு மட்டும்."

பூசினார். மாட்டினார். முறுக்கினார். அளவோடு நிறுத்தினார்.

"கம்ப்ரசரப் போடுங்க பாய்."

டர்ர்ர்ர்ர்ர்ர்.

நின்றது.

பாய் எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

எட்டில் பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பத்து தாண்டியது. பதினைந்து. பக்கத்துத் தார்ப்பாய்ப் பையனும் வாயசைத்துக்கொண்டிருந்தான், தன்னை அறியாமல். முப்பது. நாற்பது.

"அறுவது!" பாய் பானட்டை அறைந்து மூடினார். "வண்டிய எடுக்கறேன், வழிய உடுங்க!"

மைக்கில் பதினேழாம் நம்பர் என்று கத்தினார்கள்.

மேடு செங்குத்து. காலையிலிருந்து பதினாறு வண்டிகள் ஏறிச் சறுக்கி அதை வெண்ணெயாக்கி வைத்திருந்தன. பாயின் ஜீப் உறுமிக்கொண்டு பாய்ந்தது. பாதி தூரம் ஒரே மூச்சு. அப்புறம் போன வருஷம் நின்ற அதே இடம். அதே பாறை. இடது பின்சக்கரம் பைத்தியம் பிடித்தாற்போலச் சுற்றியது. சேறு ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. வண்டி ஓர் அடி பின்னால் நழுவியது.

கூட்டம் "ஓஓஓ" என்றது.

பொன்னுரங்கம் ஓடினார். ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. "ஸ்விட்சு பாய்! ஸ்விட்சு!"

ஜீப் ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டது. வலது சக்கரம் அசைந்தது. இரண்டும் ஒன்றாக, மெதுவாக, கல்லைக் கவ்வின. ஒரு முழம். இன்னொரு முழம். முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பிறகு மேட்டுக்கு மேல் அதன் பின்விளக்குகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை.

விசில் குவாரிச் சுவரெல்லாம் மோதித் திரும்பி வந்தது. யாரோ பொன்னுரங்கத்தைத் தூக்கினார்கள். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தார்ப்பாய்ப் பையனாகவும் இருக்கலாம். மேலேயிருந்து பாயின் குரல் கேட்டது. "கண்ணு! கழுத்து வலிக்குதா?"

ஒற்றைச் செருப்போடு தார்ப்பாய்க்குத் திரும்பி வந்தார் பொன்னுரங்கம். மூச்சு இன்னும் அடங்கவில்லை. சிரிப்பும் அடங்கவில்லை. மயிலாத்தாள் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஒரு வாரமாக அங்கேயே இருந்தது, அதிகம் தேயாமல். அவளிடம் நீட்டினார்.

"இத நீங்களே வச்சுக்குங்கக்கா."

அவள் வாங்கவில்லை. அடுத்த ஸ்பேனரை எடுத்தாள்.

"மனசு சரியில்லீங்க. நான் போட்ட டிக்கு அது. நீங்க அந்த மூலையக் காட்டாம இருந்திருந்தா வண்டி மேட்டுல நின்னிருக்கும்." நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. "நான் எப்பீங்க திருந்தறது?"

மயிலாத்தாள் தலையை மட்டும் திருப்பி வெள்ளை ஜீப்பைக் காட்டினாள்.

"அது நாளைக்கு ஓடணும். ஹோஸு, வால்வு, பூரா நேத்து நான் மாட்டுனது. இன்னும் டிக் போடல."

"நீங்க மாட்டுனதுங்களா?"

"ஆமா. நுரை அடிச்சுப் பாத்துப்போட்டு நீங்க போடுங்ணா."

பொன்னுரங்கம் சாக்பீஸைப் பைக்குள் போட்டார். காலி பாட்டிலை எடுத்து, டிரம்மிலிருந்து தண்ணீர் பிடித்து, ஒரு மூடி ஷாம்பு ஊற்றி, குலுக்கிக்கொண்டே வெள்ளை ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார்.