எறும்பு ஏன் எதிரே வரும் எறும்பை மறிக்கிறது

எறும்பும் யானையும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், ஒரு புற்றின் வாசலில் மூக்காயி என்ற கட்டெறும்பு காவல் நின்றாள். உள்ளே முட்டைகள் குவிந்து கிடந்தன. "ஆபத்து வந்தால் வாசலை அடைத்துவிடு" என்பது ராணியின் கட்டளை.

சரிதான், ஆபத்து எப்படி இருக்கும்? கறுப்பா, சிவப்பா? மூக்காயி அதைக் கண்டதே இல்லை. கேட்கவும் கூச்சம். கடைசியில், வெள்ளத்தில் கால் ஒடிந்த சடைச்சியிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, ஆபத்துன்னா என்ன?"

"வேற என்ன, தண்ணிதான்டி. என் காலைப் பாரு."

இவ்வளவுதானா என்று மூக்காயிக்கு நிம்மதி. அன்றிலிருந்து ஈரத்தைத் தவிர வேறெதையும் அவள் தேடவில்லை.

ஒருநாள் அழுங்கு வந்தது. எறும்பைத் தின்றே வயிறு வளர்க்கும் செதில் பிராணி அது. மூக்காயி அதன் மூக்கில் ஏறித் தடவினாள்.

"என்ன தேடுறே?" என்றது அழுங்கு.

"ஈரம் இருக்கான்னு பார்க்கிறேன். காய்ஞ்சுதான் இருக்கீங்க, போங்க" என்று வழி விட்டாள் நம் கெட்டிக்காரி.

அதன் நாக்குதான் ஈரமாக இருந்தது. எல்லோரும் ஓடிவந்து கடித்து விரட்டுவதற்குள் பாதி முட்டை போயிற்று. மூக்காயி அழுதாள். மிச்சமும் போனால் புற்றே கிடையாது.

இனி ஒருத்தி சொல்லை மட்டும் நம்பி நிற்பதா? கூச்சத்தை உதறிவிட்டு, வருகிறவள் போகிறவளையெல்லாம் மறித்து, மீசையால் முகத்தைத் தடவிக் கேட்டாள். "தரை அதிர்ந்துச்சு" என்றாள் ஒருத்தி. "குருவிச் சத்தம் சட்டுன்னு நின்னுச்சு" என்றாள் இன்னொருத்தி. புது வாடை என்றாள் ஒருத்தி, வண்டெல்லாம் ஒரே பக்கம் ஓடின என்றாள் வேறொருத்தி. இதில் எதுதான் ஆபத்து? குழப்பம்தான் கூடியது. ஆனாலும் கேட்கக் கேட்க அவளுக்கு ருசி பிடித்துப்போயிற்று.

கோடையில் ஒரு மத்தியானம், குருவிகள் ஓய்ந்தன. காற்றில் ஏதோ வாடை. வண்டுகள் தெற்கே பறந்தன. மூக்காயி உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"வாசலை அடைங்கடி."

"தண்ணி எங்கடி இருக்கு?" என்றாள் சடைச்சி.

"தண்ணி இல்லக்கா. என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா ஆபத்து."

மண்ணை அள்ளி அடைத்தார்கள். அதுவரை எந்த எறும்பும் கண்டிராத காட்டுத்தீ, புற்றின் தலைக்குமேல் புல்லை எரித்துக்கொண்டு போயிற்று. உள்ளே ஒரு முட்டைகூடக் கருகவில்லை.

அன்று முதல்தான், எத்தனை அவசரமானாலும், எதிரே வரும் எறும்பின் முகத்தைத் தடவி, "நீ என்ன கண்டாய்?" என்று கேட்காமல் எந்த எறும்பும் வீடு திரும்புவதில்லை.