மண் பூட்டுப் போட்ட மேல்வளை

“காலி வளைக்கு எதுக்குடி மண் பூட்டு? காலி வளைக்கு எதுக்குடி மண் பூட்டு?”

காலையிலிருந்து ஸ்டெல்லா நண்டு இதையே கேட்டுக்கொண்டிருந்தது. இது ஏழாவது தடவை.

“கத்தாதேடி! கரை முழுக்கக் கேட்கப்போகுது!” என்று பூவிழி எலி பல்லைக் கடித்தது.

“கேட்கட்டும்! நல்லாக் கேட்கட்டும்! உள்ளே ஒரு நெல்மணி இல்லை. வெளியே மட்டும் அழகாப் பூசி, கால் ரேகை வேற வச்சிருக்கே!”

ஏரிக்கரையில் எலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடித்து வேலைக்குப் போகும் ஒவ்வோர் எலியும், முதல் வருஷத்திலேயே கரையின் உச்சியில் ஒரு மேல்வளை தோண்ட வேண்டும். அதில் நாற்பது நெற்கதிர் சேர்க்க வேண்டும். சேர்ந்ததும் வாசலை மண்ணால் அடைத்து, ஈரம் காயுமுன் தன் கால் ரேகையைப் பதிக்க வேண்டும். அதுதான் மண் பூட்டு. ஐப்பசியில் பெருமழை வந்து கீழ்வளைகளில் தண்ணீர் ஏறும்போது மட்டும்தான் அதை உடைப்பார்கள். அடுத்தவர் பூட்டை யாரும் தொடமாட்டார்கள். உள்ளே எத்தனை கதிர் என்று கேட்கவும் மாட்டார்கள். பூட்டு இருந்தால் கதிர் இருக்கிறது. அவ்வளவுதான்.

ஸ்டெல்லா பக்கத்து வளைக்காரி. ஈர மண்ணைத் தேடிப் பக்கவாட்டில் தோண்டிக்கொண்டே போனதில், சுவர் இடிந்து பூவிழியின் மேல்வளைக்குள் எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து அதற்கு வாய் ஓயவில்லை.

“நாற்பது கதிர் சேர்க்கத் துப்பில்லைன்னா பூட்டாம விட்டுத் தொலைச்சிருக்கலாமே?”

“எல்லாரும் பூட்டிட்டாங்கடி! கூடப் படிச்ச அத்தனை பேரும்! தினமும் ‘உன்னோடது எப்போ, உன்னோடது எப்போ’ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“இல்லைன்னு சொல்றது!”

பூவிழி காதை மடக்கிக்கொண்டது. அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதையும் சொல்ல அது தயாராக இருந்தது.

இத்தனைக்கும் அது படித்த எலி. ஏரிக்கரைப் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்த எலி. படிப்பு முடிந்த கையோடு வைகாசியில் வேலையும் கிடைத்துவிட்டது. தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதற்குக் கோரைப்புல்லை நறுக்கிக் கொடுக்கிற வேலை. மாதம் முப்பது கதிர் சம்பளம். சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு போனால் பதினெட்டு மிச்சம். மூன்றே மாதத்தில் மேல்வளை நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

ஆனால் முதல் சம்பளத்தன்று என்ன நடந்தது?

“ட்ரீட்! ட்ரீட்!” என்று கூடப் படித்தவர்கள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். பூவிழிக்கு ஒரே பெருமை. இருபத்தைந்து கதிரை நடுவில் கொட்டியது. தின்றவர்கள் ஏப்பம் விட்டுவிட்டுப் போனார்கள். மாதம் முழுக்க இது கோரைக்கிழங்கைச் சுரண்டித் தின்றது.

இரண்டாம் மாதம் வேலியோரத்தில் ஓணான் கடை போட்டது.

“வாங்க மேடம், வாங்க!”

அதுவரை பூவிழியை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. நின்றுவிட்டது.

“மயிலிறகு விசிறி பாருங்க மேடம். வாரத்துக்கு ஒரே கதிர். இப்போ எடுத்துக்கிட்டுப் போங்க, கதிர் அப்புறம் கொடுங்க.”

“எனக்கு இது தேவைதானா?”

ஓணான் தலையை ஆட்டியது.

“என் சம்பளத்துக்குத் தாங்குமா?”

ஓணான் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டியது.

வாரம் ஒரு கதிர்தானே! விசிறி வந்தது. வாரம் ஒரு கதிர்தானே! இலவம்பஞ்சு மெத்தை வந்தது. நத்தை ஓட்டுக் கிண்ணம் வந்தது. வாழைநார் ஊஞ்சல் வந்தது. வேலைக்குப் போகிற எலிக்கு வெயில் படலாமா என்று தாமரை இலைக் குடை வந்தது. ஒவ்வொன்றும் வாரம் ஒரு கதிர்தான். ஆனால் ஐந்து ஒன்று ஐந்து, மாதம் இருபது! சாப்பாட்டோடு முப்பத்திரண்டு! கணக்கில் முதலாவதாக வந்த எலி இந்தக் கூட்டலை மட்டும் போடவேயில்லை.

“ரெண்டு கதிர் குறையுதா மேடம்? அதுக்கென்ன, அதையும் தவணையில் சேர்த்துடலாம்!” என்றது ஓணான். அதைச் சொல்லும்போதும் ஓணானுக்குத் தலையாட்டல்தான்.

பூவிழிக்கு உள்ளூரத் தெரியும். தெரியாமல் என்ன? அதனால்தான் அது தன் கதிர்க் குவியலைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. குவியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி ஒரு கதிரை உருவிக்கொள்ளும். கண்ணால் பார்த்தால்தானே பயம்! சில நாள் கை வெறும் தரையைத் தடவும். இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவிப் பார்க்கும். உடனே எழுந்து ஊஞ்சலில் போய் ஆடும்.

ஆவணிக் கடைசியில், எல்லாரும் வயலில் இருந்த ஒரு நடுப்பகலில், காலியான மேல்வளையை மண்ணால் அடைத்துப் பூசிக் கால் ரேகையைப் பதித்தது. சாயங்காலம் கரையே கூடிக் கைதட்டியது.

அன்று தூக்கம் வந்தது. ஒரே ஒரு நாள்.

இப்போது புரட்டாசி. ஸ்டெல்லாவின் ஏழாவது கேள்விக்குப் பதில் வருமுன், மைனா ஒன்று வந்து கரையில் இறங்கியது. அந்த வட்டாரத்துச் செய்தியெல்லாம் அதன் வாயில்தான்.

“பூவிழி! உங்கம்மா சொல்லி அனுப்பினாங்க. அப்படியே சொல்றேன், கேளு. ‘கண்ணு, நீ மேல்வளை பூட்டிட்டேன்னு மைனா சொல்லிச்சு. கேட்டு ஆனந்தமா அழுதேன். உன் படிப்புக்காக நம்ம மேல்வளையைப் பெருச்சாளிகிட்ட ஒத்திக்கு வச்சேனே, இந்த மழைக்குள்ள மீட்க முடியாது. பனங்காட்டு மேட்டிலிருந்து உங்க மாமா, எங்க வீட்டுக்கு வந்துடுன்னு ரெண்டு தடவை கூப்பிட்டார். என் பொண்ணு இருக்கிறப்போ நான் எதுக்கு இன்னொருத்தர் வாசலில் போய் நிக்கணும்னு சொல்லிட்டேன். மழை பிடிக்கிற அன்னிக்குத் தம்பி தங்கச்சி மூணு பேரையும் கூட்டிக்கிட்டு உன்கிட்டே வந்துடறேன்.’ அவ்வளவுதான். என்ன பதில் சொல்லட்டும்?”

ஸ்டெல்லா சட்டென்று வாயை மூடிக்கொண்டது. பூவிழியையே பார்த்தது. கொடுக்கால் லேசாக ஒரு குத்துக் குத்தியது. ‘சொல்லு, இப்போவே சொல்லு’ என்று அர்த்தம்.

பூவிழி வாயைத் திறந்தது.

“வரச் சொல்லு” என்றது.

மைனா பறந்துவிட்டது.

“அடிப்பாவி!” என்று ஸ்டெல்லா அலறியது. “வெட்கம் ஒரு நாளைக்குடி! வெள்ளம் அப்படியா? மாமா வீட்டில் நிம்மதியா இருந்திருப்பாங்களே! கூப்பிடுடி அந்த மைனாவை!”

“நாற்பது கதிர்தானே? ஐப்பசிக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. சேர்த்துடுவேன்.”

“எதை வச்சு?”

“சேர்த்துடுவேன்னு சொன்னேன்ல!”

“என்கிட்டே கதிர் இருந்தாத் தந்திருப்பேன். நான் நத்தை தின்கிறவ. சரி, நானாவது போய் உங்கம்மாகிட்டே சொல்லிடட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்! உன் கால்ல விழறேன். நாளைக்கு நானே போய்ச் சொல்றேன்.”

ஸ்டெல்லாவுக்கு எட்டுக் கால். அத்தனையிலும் விழுந்து கெஞ்சி அதன் வாயை அடைத்துவிட்டது பூவிழி. 

நாளைக்கு வந்தது. வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வெயில் அதிகமாக இருந்தது. மூன்றாம் நாள் பூவிழி பாதி வரப்பு வரை போய்விட்டு, அம்மாவின் முகத்தை நினைத்துத் திரும்பிவிட்டது. நான்காம் நாள் தூக்கணாங்குருவிகள் வேலையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தின.

“கூடெல்லாம் கட்டி முடிஞ்சாச்சு. நன்றி! அடுத்த பருவத்தில் பார்க்கலாம்.”

“அப்போ சம்பளம்?”

“வேலை இருந்தாத்தானே சம்பளம்!” என்று சொல்லிவிட்டுக் குருவிகள் கூட்டுக்குள் போய்விட்டன.

மறுநாளிலிருந்து பூவிழி கரையெல்லாம் அலைந்தது. ஆமையிடம் போய் வேலை கேட்டது. கொக்கிடம் கேட்கப் போய், அது பார்த்த பார்வையில் பாதி தூரத்திலேயே ஓடிவந்தது. வயலில் சிந்திக்கிடந்த கதிர்களைப் பொறுக்கிப் பார்த்தது. பகலெல்லாம் குனிந்து பொறுக்கினால் ஒரு கதிர் தேறும். அதைத் தவணைக்கு என்று ஓணான் வாங்கிக்கொள்ளும். சாப்பாடு இறங்கவில்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும் மிச்ச நாளை எண்ணிப் பார்த்தது.

புரட்டாசிக் கடைசி நாள் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பூவிழி விசிறி, மெத்தை, கிண்ணம், ஊஞ்சல், குடை அத்தனையையும் வாரிக் கட்டிக்கொண்டு வேலியோரம் ஓடியது.

“அண்ணே! இதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிறீங்களா?”

ஓணான் தலையை ஆட்டியது.

பூவிழிக்கு உயிர் வந்தது. “நாற்பது கதிர் வேண்டாம், இருபது தருவீங்களா?”

ஓணான் தலையை ஆட்டியது.

“இப்போவே தருவீங்களா?”

தலையாட்டல்.

“எங்கே, கொடுங்க!”

அதற்கும் தலையாட்டல்தான். ஓணான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பூவிழி அதை வெறித்துப் பார்த்தது. மெதுவாகக் கேட்டது. “நான் ஒரு முட்டாள்தானே?”

ஓணான் அதே வேகத்தில், அதே மரியாதையோடு தலையை ஆட்டியது.

எனக்கு இது தேவைதானா என்று அன்றைக்குக் கேட்டபோது ஆட்டியதும் இதே தலைதான். நல்லதுக்கும் ஆட்டும், கெட்டதுக்கும் ஆட்டும். காற்றடித்தாலும் ஆட்டும். இதன் யோசனையைக் கேட்டா இத்தனை நாள் குடித்தனம் நடத்தினோம்! பூவிழி மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பியது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. அம்மா கிளம்பியிருக்காது. ஓடிப் போய்ச் சொல்லிவிட்டால், வரப்பு மூழ்குவதற்குள் பனங்காட்டு மேட்டுக்குப் போய்விடலாம். பூவிழி அம்மா குடியிருந்த கீழ்வயலை நோக்கி ஓட்டம் பிடித்தது. “அம்மா, உள்ளே ஒண்ணும் இல்லை. அம்மா, உள்ளே ஒண்ணும் இல்லை” என்று வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டே ஓடியது.

முதல் துளி அதன் மூக்கில் விழுந்தது. 

மூன்றாவது வரப்பின் திருப்பத்தில் அம்மா எதிரே வந்துகொண்டிருந்தது. முதுகில் ஒன்று, வாயில் கவ்வியபடி ஒன்று, வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று. பின்னால் கீழ்வயல் எலிகள் நாலைந்து துணைக்கு வந்தன. அம்மா வாயிலிருந்த குட்டியைக் கீழே வைத்தது.

“பார்த்தீங்களா? மழை தொட்டதும் நம்மளைக் கூட்டிப்போக ஓடி வந்துட்டா! நான் சொன்னேனே, என் பொண்ணு!”

“கொடுத்து வச்சவங்க நீங்க!” என்றது ஓர் எலி.

வழியெல்லாம் பழகிய வார்த்தையைப் பூவிழி விழுங்கிவிட்டது. தம்பி எலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டது. எல்லாருக்கும் முன்னால் நடந்தது.

கரை உச்சிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் வந்த வரப்பே தெரியவில்லை. பனங்காட்டு மேட்டுக்குப் போகிற பாதையும் தண்ணீருக்குள் போய்விட்டது. வரிசையாக மேல்வளைகளின் மண் பூட்டுகள் உடையும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் புதுநெல்லின் வாசனை வந்தது.

பூவிழி தன் வாசலுக்கு முன்னால் நின்றது. அதன் கால் ரேகை இன்னும் அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வளையிலிருந்து ஸ்டெல்லா எட்டிப் பார்த்தது.

அம்மா குட்டிகளின் தலையைத் துடைத்துவிட்டு, அந்த மண் பூட்டை ஒரு தடவை தடவிப் பார்த்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“எவ்வளவு நேர்த்தியாப் பூசியிருக்கே! உடைக்கவே மனசு வரலை. சரி, அந்த மண்ணைத் தள்ளு கண்ணு. பிள்ளைங்க காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை. ஆளுக்கு ஒரு கதிர் எடுத்துக் கொடும்மா.”

கையில் இருப்பதை எண்ணிப் பார்க்கப் பயந்து, இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொண்டால், அந்தப் பொய்க்கான விலையைக் கொடுப்பது நம்மை நம்பி வந்தவர்கள்தான்.